கோவிந்தராஜன் வைத்த கடைசிச் சீர்

கோவிந்தராஜன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தம்பி இளங்கோவனுக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு. அல்சூரில் ஜோகுபாளையா, சந்துக்குள் சந்தாகப் போய், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடு. பெண் முத்தம்மா காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பெண்ணுக்குப் பெரியம்மா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்கு அப்பா இல்லேன்னு நெனச்சுக்காதீங்கம்மா. அண்ணன் இருக்கான், கோவிந்தராஜன். அவன் சீர் எடுத்துட்டு வந்தா தெருவே நின்னு பாக்கும்."

தெரு நின்றது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முறைக்கு அவர் என் தம்பி பெண்டாட்டிக்கு அண்ணன். எங்கள் குடியாத்தத்துப் பக்கம் அந்த முறைக்காரரை வாய் நிறைய "வாங்க" என்று கூப்பிட வேண்டும். நானும் இத்தனை வருஷம் கூப்பிட்டேன். மனசுக்குள் எப்போதும் "அவன்"தான். எழுத்தில் மட்டும் மரியாதை போட்டுவிடுகிறேன், நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

தொழில் ரோலிங் ஷட்டர், கிரில், கேட். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை. தொழிலில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வைத்த கேட் இன்னும் எத்தனையோ வீட்டில் ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. வெல்டிங் வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியாது. இரும்பு அவர் சொன்னதைக் கேட்கும். அதனால் மற்ற எல்லாமும், எல்லாரும், அப்படியே கேட்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு பீரோ கொண்டுவந்தார். கடையில் வாங்கியது இல்லை, அவரே செய்தது. மூன்று கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. தள்ளுவண்டியில் ஏற்றி, முன்னால் பேண்டு செட், பின்னால் தட்டு தூக்கிய பெண்கள், அல்சூர் ஏரிப் பக்கமாகச் சுற்றி வந்தார்கள். வாசலில் இறக்கினால் பீரோ உள்ளே போகவில்லை. எங்கள் வீட்டு வாசல் அவ்வளவுதான். சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள், தலைகீழாகப் பார்த்தார்கள். "வாசல் அளவு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்று என் அம்மா சொன்னதற்கு, "சீரை அளவெடுத்தா வெப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார். அந்த பீரோ நடையிலேயே நின்றது. நாங்கள் அந்த வீட்டைக் காலி பண்ணும்வரைக்கும் அதற்குள் செருப்பு வைத்தோம். என் தம்பிக்கு ஆளுயரக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, அதே கதவைத் திறந்து செருப்பை எடுக்க வேண்டியிருந்தது.

மகா பிறந்தாள். தம்பிக்கு ஒரே பெண். மகாவுக்குத் தாய்மாமன் என்றால் கோவிந்தராஜன் ஒருவர்தான். காது குத்துக்கும் அவர்தான் மடி, வயசுக்கு வந்ததற்கும் அவர்தான் தட்டு. மஞ்சள் நீராட்டு ஆல்பம் வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டி, தன் தட்டு முழுசாக விழவில்லை என்று போட்டோக்காரரோடு சண்டைக்குப் போனார். மகா முகம் எல்லாப் படத்திலும் நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முத்தம்மாவே ஒரு நாள் சொன்னாள். அவள் வயசுக்கு வந்தபோது அப்பா செத்து வருஷம் திரும்பவில்லை. போளூரில் இருந்த தாய்மாமன் வரவே இல்லை. அவர்கள் அம்மா பக்கத்து வீட்டில் தட்டு இரவல் வாங்கி, தன் பழைய பட்டுப்புடவையையே மடித்து வைத்து, மாமன் சீர் என்று சபையில் சொன்னாளாம். சபையில் எல்லாருக்கும் அது தெரிந்த புடவை. யாரோ சிரித்தார்களாம். கோவிந்தராஜனுக்கு அப்போது மீசை அரும்பின வயசு.

சரி, காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் பீரோ உள்ளே போய்விடுமா?

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மகா டிப்ளமோ படித்தாள், வீட்டுக்குள் அலமாரி, சமையல்கட்டு எல்லாம் எப்படி அமைப்பது என்று வரைகிற படிப்பு. முடித்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் இந்திரா நகரில் ஷ்ரேயாஸ் என்று ஒரு பையன், வீட்டு உள் அலங்காரம் பண்ணுகிறவன், ஒரு வேலை கொடுத்துப் பார்த்தான். ஒரு பிளாட்டுக்கு வரைபடம் போட்டு, அதற்குள் நாமே நடந்து போகிற மாதிரி ஓடும் படமாகத் தர வேண்டும். திங்கட்கிழமைக் காலையில் பிளாட்டைக் கட்டுகிறவர்களுக்குக் காட்டுவான். சரியாக வந்தால் மகாவுக்கு மாசச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை. வராவிட்டால் வரிசையில் வேறு ஆள் நிற்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

அவளிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர். ஒயிட்ஃபீல்டில் ஏதோ ஆபீசை மூடியபோது விற்றது. ஒல்லியான பெட்டி, நாலு நோட்டுப் புத்தகத்தை அடுக்கி நிறுத்திய கனம். வரைவதற்குப் போதும், ஓடும் படம் போட்டால் திணறி நின்றுவிடும். அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றாள். படத்தைப் போடுகிற வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிற ஒரு பலகையாம், பெட்டிக்குள் சொருகுவது.

"பெருசா நல்லதா வாங்கிட வேண்டியதுதானே?" என்று நான்தான் கேட்டேன்.

"இல்ல அத்தை. பெட்டி ஒல்லி. சாதாரணக் கார்டு இதுல நிக்காது, அரை உயரத்துல ஒண்ணு வருது, அதுதான் போகும். அப்புறம் இந்தப் பெட்டியில கரண்டும் கம்மி. தனியா ஒயர் கேக்கற கார்டுக்கு குடுக்க ஒயரே கெடையாது. சொருகற எடத்துலயே வர்ற கரண்ட்ல ஓடணும். ரொம்ப ஒசந்தது வாங்கினாலும் சும்னே, காசுதான் வீண். பழைய மெஷின் அதோட வேகத்துக்கு ஓடாது."

"அப்ப சின்னதுதான்."

"சின்னதுதான் அத்தை. ஆனா எனக்கு அது போதும்."

எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள். அப்பாவோடு போய் வாங்கிக்கொள்வதாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தம்பி மர்ஃபி டவுனில் லீஸுக்கு வீடு பிடித்திருந்தான். பால் காய்ச்ச வியாழக்கிழமை நாள் பார்த்தார்கள். தங்கை புது வீட்டில் பால் காய்ச்சினால் அண்ணன் சீர் வைக்க வேண்டுமே. "என்ன வேணும் சொல்லு" என்று கோவிந்தராஜன் போன் போட்டார். முத்தம்மா மனசு நல்ல மனசு, வாய்தான் நிற்காது. "பாத்திரம் எல்லாம் இருக்குண்ணா. மகாதான் கம்ப்யூட்டருக்கு ஏதோ கார்டு வாங்கணும்னு அலையுது" என்றுவிட்டாள்.

அவ்வளவுதான். உடனே மகாவைக் கூப்பிடச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஏம்மா, மாமன் உயிரோட இருக்கறப்போ நீ கடை கடையா அலையறியா?"

"அதுக்கில்ல மாமா, இதுல கொஞ்சம் பாத்து வாங்கணும். பேரு, படம் எல்லாம் உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பறேன். அது மட்டும்தான் வேணும்."

"அனுப்பு, அனுப்பு."

"மாமா, அரை உயரக் கார்டுன்னு கேளுங்க. பெருசு வேணாம்."

"மாமன் குடுக்கறதுல அரை என்ன, கால் என்ன? வை போனை."

படத்தை அனுப்பினாள். பார்த்திருக்கிறார், நீல டிக் விழுந்தது.

எஸ்.பி. ரோட்டுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அங்கே நடந்ததைத் தம்பி பிறகுதான் வாயைத் திறந்து சொன்னான். கடைக்காரர் மகா கேட்ட கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். உள்ளங்கை அளவு, ஒரே ஃபேன், அதற்கேற்ற சின்ன டப்பா. கோவிந்தராஜன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இத தட்டுல வெச்சா வெத்தலைக்கு அடியில காணாமப் போயிடும்."

"மகா இதத்தான் மச்சான் சொல்லுச்சு."

"அது கொழந்த. நம்மளுக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு சொல்லுது."

பிறகு கடைக்காரரிடம், "இது பேடா. தொட்டது கொடி," என்றார். இது வேண்டாம், பெரியதாகக் கொடு என்று கன்னடத்தில். கடைக்காரர் பெட்டி எந்த மாதிரி, கரண்ட் எவ்வளவு என்று கன்னடத்தில் இரண்டு தரம் கேட்டாராம். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ டப்பாவைக் காட்டு." அதே விலைக்குப் பெரியது என்றால் யாரோ ஓட்டிக் கழற்றிய பழைய கார்டுதான் வரும் என்றார் கடைக்காரர். மூன்று ஃபேன், ஓரத்தில் கலர் லைட்டு. டப்பா ஒரு மிக்ஸி டப்பா அளவு. கோவிந்தராஜன் முகம் மலர்ந்துவிட்டது. என் தம்பி அங்கேயே நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான். மச்சான் முன்னால் வாய் திறக்காததை அவன் மரியாதை என்கிறான். நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் பால் பொங்கியது. வாசலில் நாதஸ்வரம் இல்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் தட்டு வந்தது. நடுவில் அந்த டப்பா, மேலே சாமந்திச் சரம், சுற்றி வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, முத்தம்மாவுக்குப் புடவை. அவரே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா அது, மிக்ஸியா?" என்று பக்கத்து போர்ஷன்காரி என் காதில் கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்குப் போடற கார்டாம்."

"இம்மாம் பெருசா? அப்ப கம்ப்யூட்டர் எம்மாம் பெருசு இருக்கும்!"

நல்ல கேள்வி. அதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மகா விழுந்து கும்பிட்டு எழுந்து டப்பாவைப் பார்த்தாள். பெண்ணின் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எல்லாருக்கும் டிபன் பரிமாறினாள், அவ்வளவு பொறுமை அவளுக்கு. டிபன் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில்தான் மெதுவாகப் போனாள்.

"மாமா, இது உள்ள போகாது. கோச்சுக்காதீங்க. நான் இன்னைக்கே போய் மாத்திக்கிட்டு வந்துடறேன், ஒரு மணி நேர வேலை."

"எது?"

"கார்டு மாமா. பெட்டி சின்னது."

"சபையில வெச்ச சீரைக் கடைக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போவியா? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?" இதைச் சொல்லும்போது பார்வை என் பக்கம் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "யாரும் சொல்லிக் குடுக்கல. பீரோ நடையில நின்னுச்சு, இது தட்டுல நிக்கட்டும். உங்களுக்கும் எல்லாரும் பாத்த மாதிரி இருக்கும்."

பக்கத்து போர்ஷன்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். சொன்னதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

"இந்தம்மா அன்னைலேருந்து என்னை ஏளனம் பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க," என்று முத்தம்மாவைப் பார்த்துக் கத்தினார். "உன் வூட்டுக்கு நான் வர்றது அவங்களுக்குப் புடிக்கல. கம்ப்யூட்டரு என்ன, இரும்புதானே? என் கையில ஆகாத இரும்பா?"

முத்தம்மா எல்லாருக்கும் சமாதானம் சொன்னாள். மகா, "சாயந்தரம் பேசிக்கலாம் மாமா," என்று விட்டுவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நானும் மகாவும் வந்த ஜனங்களை மெட்ரோவுக்கு ஏற்றிவிடப் போனோம். அப்படியே மார்க்கெட்டும் சுற்றிவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தால் மேஜைமேல் டி.வி. மாதிரி இருக்கிற திரை மட்டும் இருக்கிறது. பெட்டியைக் காணோம், கார்டையும் காணோம்.

"மச்சான் கேட்டார், குடுத்தேன்," என்றான் தம்பி. "செட் பண்ணிக் கொண்டுவரேன்னார்."

மகா செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். அதற்குள் ஆட்டோ வந்து நின்றது, அவரே இறங்கினார். கையில் பெட்டி. மேல் மூடியில் ஜன்னல் மாதிரி சதுரமாக வெட்டி, வெட்டிய வாயை மழமழவென்று தேய்த்து, அதற்கு மேல் ஒரு தகரக் கூடு வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தார். கூட்டுக்குள் அந்தக் கார்டு ராஜா மாதிரி நின்றது. கரண்டுக்குத் தனி ஒயர் வேண்டுமென்று யாரோ சொன்னார்களாம், வேறொரு பெட்டியிலிருந்து பழைய பவர் டப்பா ஒன்றையும் வாங்கி வெளியே கட்டியிருந்தார். வேலை சுத்தம். அதை மட்டும் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடலாம்.

"போட்டுப் பாரு," என்றார்.

மகா மூடியைத் தூக்கினாள். உள்ளே விரலை வைத்துத் தடவி எடுத்து என்னிடம் காட்டினாள். கறுப்பு மினுமினுப்பு, விபூதி மாதிரி நைசாக. இரும்புத் தூள்.

"மாமா, உள்ள இருக்கற போர்டை வெளிய எடுத்துட்டுதானே வெட்டினீங்க?"

"அத ஏன் எடுக்கணும்? துணி போட்டுத்தான் வெட்டினேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிரஷ்ஷால் தட்டினாள், ஊதினாள், தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். தூள் வந்துகொண்டே இருந்தது. இப்போது போடாதே, யாரிடமாவது காட்டிவிட்டுப் போடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் எட்டி சுவிட்சைத் தட்டிவிட்டார். "ஆம்பள செஞ்ச வேலைய இவ்ளோ சந்தேகப்படறீங்க!"

கலர் லைட்டு எரிந்தது. மூன்று ஃபேனும் ஒரு சுற்று சுற்றின. டப்பென்று ஒரு சத்தம், ரப்பர் கருகின வாடை, அத்தோடு எல்லாம் நின்றது.

மறுநாள் தம்பியும் மகாவும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அங்கே பார்த்தவர்கள், மதர்போர்டு என்கிற தாய்ப் பலகை போய்விட்டது, கார்டும் போய்விட்டது, அவள் வரைந்ததெல்லாம் இருக்கிற டிஸ்க் மட்டும் பிழைத்தது என்றார்கள். அந்த டிஸ்கை எடுத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகா சிநேகிதி வீடு, பிரேசர் டவுனில் ஒரு பிரௌசிங் சென்டர் என்று ஏறி இறங்கினாள். அங்கங்கே இருந்த மெஷின் எதுவும் அவளுடைய படத்தைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமைக் காலையில் ஷ்ரேயாஸுக்கு அவளே போன் பண்ணி நடந்ததைச் சொன்னாள். "பரவால்ல மகா, நெக்ஸ்ட் டைம் பாக்கலாம்" என்றானாம். வேலை அந்த வரிசையில் நின்ற ஆளுக்குப் போயிற்று.

அன்றைக்குச் சாயந்தரம் கோவிந்தராஜன் வந்தார். கையில் ஆப்பிள் பை. அதுவும் பெரிய பை.

"சரி, ஆனது ஆச்சு. மாமன் புதுசாவே ஒண்ணு வாங்கித் தரேன், இருக்கறதுலயே பெருசு. நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

மகா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"யாரோட நல்லதுக்கு மாமா?"

"என்னடி கேள்வி இது?"

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன வாங்கினீங்க? நான் படம் எடுத்தே அனுப்பினேன். நீங்க பாத்தீங்க."

"அது தட்டுல வெக்கற பொருளா? நாலு பேரு சிரிக்க மாட்டானா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. எனக்கு வேலை கெடச்சிருக்கும்." குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மாமா, இனிமே உங்க சீர் எதுவும் எனக்கு வேணாம். என் கல்யாணத்துக்கும் வேணாம். நீங்க வாங்க, சாப்பிடுங்க, போங்க. தட்டு மட்டும் எடுத்துக்கிட்டு வராதீங்க."

தாய்மாமனைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையை எங்கள் ஜனத்தில் நான் கேட்டதில்லை. முத்தம்மா, "ஏய் மகா!" என்று அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கியது, ஆனால் அடிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, நீ ஒரு தடவை அது சொன்னதைக் கேட்டிருக்கலாம்ணா," என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அதற்கே அவளுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

கோவிந்தராஜன் ஆப்பிள் பையைக் கீழே வைத்தார். பிறகு மூலையில் கிடந்த வெட்டுப்பட்ட பெட்டியிடம் போய், கூட்டிலிருந்து அந்தக் கார்டைப் பிடுங்கினார். அதை டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாமந்திச் சரம் காய்ந்துபோய் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் என்னைத் தாண்டும்போது, "சந்தோஷமா இப்ப?" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

நாளைக்கும் சந்தோஷம் வரவில்லை. மகாவுக்கு வேலை போனதில் எனக்கு என்ன சந்தோஷம்? ஆனால் அவர்மேல் இரக்கமும் வரவில்லை. நான்தான் பெண்ணைத் தூண்டிவிட்டேன் என்று ஜனத்துக்குள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். என் பெரியப்பா மகள்வரைக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் என்னிடமே வந்து, "தாய்மாமனை வெட்டிவிட்டுட்டீங்களாமே?" என்று கேட்டாள். "வெட்டினது நானில்ல, அவரு கிரைண்டரு" என்று சொல்லி அனுப்பினேன்.

மகா இப்போது கிச்சன் அலமாரி விற்கிற ஒரு ஷோரூமில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். கால் வலிக்கிறது என்று ராத்திரி வெந்நீரில் கால் வைக்கிறாள். மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தாய்மாமன் இருக்காரா?" என்பதுதான்.

இருக்கிறார். அல்சூர் பட்டறை இடத்தைக் கட்டிடம் கட்ட இடித்துவிட்டார்கள். கோவிந்தராஜன் இப்போது ஆனேக்கல்லில், ஓசூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஷட்டர் பட்டறை வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறார். தங்கை வீட்டுக்கு வருவதில்லை.